லாரி எடை வரம்பு: 2018-ல ஏத்தினதைத் திரும்பக் குறைக்கணுமா?

தார்ச்சட்டி:
2018 ஜூலையில மத்திய அரசு சரக்கு லாரிகளோட எடை வரம்பை ஏத்துச்சு. ஆறு சக்கர லாரிக்கு மொத்த எடை 16.2 டன்லேர்ந்து 18.5. பத்து சக்கர டாரஸ் லாரிக்கு 25-லேர்ந்து 28.5. டிரெய்லருக்கு உச்சம் 49-லேர்ந்து 55. பழைய வரம்புக்கே திரும்பணும்ங்கிறது என் கட்சி. பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கற அச்சு, சுமக்கிற எடை 10.2 டன்லேர்ந்து 11.5 ஆச்சு, கூடினது எட்டுல ஒரு பங்குதான். ஆனா ரோட்டுக்கு ஆகிற சேதம் ஆக்சில் எடையோட நாலாம் அடுக்குல ஏறும், எடை ரெண்டு மடங்கானா சேதம் பதினாறு மடங்கு. 1950-களோட கடைசியில அமெரிக்காவுல, இல்லினாய்ல, சோதனை ரோடு போட்டு லாரி ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிச்ச கணக்கு இது. நம்ம ரோடு டிசைனும் அதை வச்சுத்தான் நடக்குது. அப்படிப் பார்த்தா ஒரு நடைக்குச் சேதம் 60 சதவீதம் கூடுது.

சங்ககிரிக்காரன்:
சார், நடை குறையுதே, அதைக் கணக்குல சேர்த்தீங்களா? பத்து டன் ஏத்தின வண்டி இப்ப பன்னிரண்டு சொச்சம் ஏத்துது. அஞ்சு நடை போற இடத்துக்கு நாலே நடை. டீசல் மிச்சம், டோல் மிச்சம். ஐரோப்பாவுலயும் ஆக்சிலுக்கு 11.5 டன்தான்.

தார்ச்சட்டி:
சேர்த்தேன். ஒரு நடைக்குச் சேதம் 1.6 மடங்கு, நடை அஞ்சுக்கு நாலு, அதாவது 0.8. 1.6-ஐ 0.8-ஆல பெருக்குங்க, 1.28 வரும். அதே சரக்கைக் கொண்டு போக ரோடு கால்வாசிக்கு மேல கூடுதலாத் தேயுது. ஐரோப்பாவுல 11.5 எஞ்சின் சுத்தி வண்டியை இழுக்கிற ஆக்சிலுக்கு மட்டும்தான், மத்த ஒத்தை ஆக்சிலுக்கு 10. அஞ்சாறு ஆக்சில் டிரெய்லருக்கே பொது வரம்பு 40 டன். அந்தப் பாதியை விட்டுட்டீங்க.

கிரஷர் ரோட்டு வீடு:
16.2-ஆ 18.5-ஆன்னு பேசிட்டிருக்கீங்க. எங்க ஊர் வழியா போற டிப்பருக்கு ரெண்டுமே தெரியாது. எம்-சாண்ட் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, நாலரை டன்னுக்குக் குறையாது. ஈரமா இருந்தா இன்னும் கூட. ஆறு சக்கரத்துல பலகை உசத்தி நாலு யூனிட் போடறான். வண்டியோட சேர்த்து 24 டன் தாண்டுது! ஊராட்சி ரோடு அது. ரெண்டு பக்கமும் சக்கரத்தடம் முழங்கால் பள்ளமா இறங்கி, நடுவுல மட்டும் ஒரு முழம் தார் நிக்குது. எங்க ஊர் ஸ்கூட்டர் எல்லாம் அந்த முழத்து மேலதான் போகுது. மழை பெஞ்சா அதுவும் தெரியாது.

ராத்திரி டூட்டி:
அந்த மாதிரி லோடு ஓட்டறவன் நான். ஸ்பிரிங் பட்டை ரெண்டு சேர்த்துப் போட்டா வண்டி தாங்கிடும், பிரேக் தாங்காது. தொப்பூர் இறக்கத்துல டிரம் சூடேறி லைனர் தீயற வாடை கேபினுக்குள்ள வரும். சின்ன கியர்லயே இறக்கணும். டீசலுக்கு ஆசைப்பட்டு நியூட்ரல்ல விடறவனும் இருக்கான். லோடு வேணாம்னு சொன்னா பின்னால அடுத்த வண்டி நிக்குது அண்ணே.

சங்ககிரிக்காரன்:
தம்பி சொல்றதுதான் விஷயம். 2019 செப்டம்பர்லேர்ந்து ஓவர்லோடுக்கு அபராதம் 20,000, கூடற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. முன்னால 2,000-மும் 1,000-மும்தான். இதை ஏத்திவிட்ட கிரஷர்காரனா கட்டறான்?

தார்ச்சட்டி:
மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவு ஓட்டறவனை மட்டும் சொல்லலை, ஓட்ட வைக்கிறவனையும் சேர்த்துத்தான் சொல்லுது.

சங்ககிரிக்காரன்:
புத்தகத்துல சொல்லுது. மடக்கறவங்க பார்க்கிறது என் நம்பர் பிளேட்டைத்தான். வரம்பு ஏறினதுல எங்களுக்குக் கொள்ளை லாபம்னும் நினைக்காதீங்க. எல்லா வண்டியும் கூட ஏத்தினா ஊர்ல சரக்கு கூடிடுமா? வண்டிதான் மிஞ்சி நின்னுச்சு, டன் வாடகை இறங்கிச்சு.

ராத்திரி டூட்டி:
அப்ப குறைச்சா உங்களுக்கும் நல்லதுதானே முதலாளி?

சங்ககிரிக்காரன்:
18.5-ஐ நம்பி வண்டி எடுத்தவனோட டியூவையும் குறைச்சுத் தருவாங்களா?

கிரஷர் ரோட்டு வீடு:
குவாரியில நடைச்சீட்டு, அதாவது லோடு கொண்டு போற அனுமதிச் சீட்டு, இல்லாம ஒரு வண்டியும் வெளிய வரக்கூடாதுல்ல? வாசல்லயே எடை மேடை வச்சு, ஆர்.சி.யில இருக்கிற எடையைத் தாண்டினா சீட்டே அச்சாகாதபடி பண்ணச் சொல்லுங்க. ரோட்டுல மடக்கறதெல்லாம் அப்புறம்.

சங்ககிரிக்காரன்:
இதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். 16.2-க்குப் போடமாட்டேன்.

தார்ச்சட்டி:
சீட்டு சரி, நானும் போடறேன். ஆனா அது வந்தப்புறமும் 11.5 டன்ல ரோடு தேயத்தான் செய்யும். அந்தக் கால்வாசியை யார் தலையில கட்டறதுன்னு நீங்க இன்னும் சொல்லலை.