பின் சக்கர இழுவையில் எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் நமக்கு வாய்க்குமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அப்பாவின் பிரீமியர் பத்மினியில்தான் வண்டி ஓட்டப் பழகினேன். ஸ்டீயரிங் பக்கத்திலேயே கை கியர், இன்ஜின் சுழற்றுவது பின் சக்கரங்களை. தேவனாம்பட்டினம் ரோட்டில் மணல் படிந்து மழையும் பெய்திருந்தால், வளைவில் வால் லேசாக விலகும். அது முதலில் இடுப்புக்குத்தான் தெரியும். இப்போதுள்ள ஹாட்ச்பேக் முன் சக்கர இழுவை, அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அந்த உணர்வு மட்டும் இல்லை. ரெண்டு சீட், ஆயிரம் கிலோவுக்குள் எடை, 15 லட்சத்துக்குள் விலை. இப்படி ஒரு கார் வர வாய்ப்பு உண்டா?

பதில் 1 (நெல்லிக்குப்பம்)

நீங்கள் கேட்பது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வந்தது, 2016-இல் பத்து லட்சமாவது கார் தயாரானது. ஆனால் மாஸ்டா இங்கே விற்பதில்லை. டொயோட்டா 2015 டோக்கியோ கண்காட்சியில் எஸ்-எஃப்ஆர் என்று ஒரு குட்டிக் காரைக் காட்டியது. அது கடைசிவரை ஷோரூமுக்கு வரவில்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

பதில் 2 (முதலியார்பேட்டை, புதுச்சேரி)

தம்பி, நான் பட்டறைக்காரன். அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கையை விட வேண்டாம்.

முதலில் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40. பத்து லட்ச ரூபாய் காருக்கு 1.8 லட்சமா, 4 லட்சமா என்பதுதான் வித்தியாசம். எம்எக்ஸ்-5 நீளத்தில் தப்பிவிடும், ஆனால் இன்ஜின் 1.5 லிட்டர். அப்படியே இங்கே தயாரித்தாலும் 40-இல்தான் விழும். அதனால் நமக்கான கார் 1200 சிசிக்குள் பிறக்க வேண்டும்.

அந்த இன்ஜின் நம் தெருவிலேயே ஓடுகிறது. மாருதி ஈகோ வேன் 1197 சிசி, பின் சக்கர இழுவை. கியர்பாக்ஸ், அதன் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட், அதைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் எல்லாம் தயார். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயக் கார்களிலும் மாருதி இன்ஜின்தான், அங்கேயும் தள்ளுவது பின் சக்கரம். போன வாரம் மீன் ஏற்றும் ஈகோ வேன் ஒன்று பட்டறைக்கு வந்தது. ஷாஃப்டைக் கையில் பிடித்து லேசாகத் திருப்பினேன், 'டக்' என்றது. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் துருப்பிடித்திருந்தது. கிராஸை மாற்றி மத்தியானமே அனுப்பிவிட்டேன். இவ்வளவு எளிய, உறுதியான சாமான் மேல் 800 கிலோவில் ஒரு பாடி உட்கார்ந்தால் 80 குதிரைத்திறன் தாராளம்.

உண்மையான தடை விற்பனை எண்ணிக்கை. முன் சக்கர இழுவையில் ஒரே பிளாட்பாரத்தில், அதாவது ஒரே அடிக்கட்டமைப்பில், நாலைந்து மாடல் போடலாம். ரெண்டு சீட் காருக்கென்று பாடி வார்க்கத் தனி அச்சு, தனி மோதல் சோதனை என்றால் செலவை யார் மேல் ஏற்றுவது? 1990-களின் கடைசியில் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஒரு ரெண்டு சீட் கார் வந்தது. முன் சக்கர இழுவைதான், அதையே வாங்க ஆள் குறைவு. ஏற்றுமதியையும் கணக்கில் வைத்து ஒரு பெரிய கம்பெனி இறங்கினால்தான் நடக்கும். நான் அதற்காகவே காத்திருக்கிறேன்.

சரி, அப்பாவின் பத்மினி இன்னும் இருக்கிறதா?

கேட்டவர்

இருக்கிறது அண்ணே, கொட்டகையில். ரெண்டு வருஷமாக ஸ்டார்ட் பண்ணவில்லை.

பதில் 2

பெட்ரோல் டேங்கைக் கழுவாமல் சாவியைத் திருப்பாதீர்கள். டிஃப்ரன்ஷியல் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே கடலூர் வருகிறேன்.