கதிர் எங்கே தம்பி? இரவுப் படங்களில் நொய்ஸ் ரிடக்சன் தின்றவை

நெடுங்கேணிப் பக்கத்தில் இருந்து

தை மாதம், காலபோக நெல் முற்றுகிற நேரம். பன்றிக் காவலுக்குப் போன பெரியப்பாவோடு நானும் போய் வயல் கொட்டிலில் இருந்தேன். வளர்பிறை ஐந்தோ ஆறோ, நிலா மேற்கே சாய்ந்திருந்தது. இலைகூட அசையவில்லை. முக்காலியை வரம்பில் ஊன்றி, 18 மில்லிமீட்டர் லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200, 20 செக்கன் என்று வைத்து வயலையும் வானத்தையும் சேர்த்து எடுத்தேன். கமராவின் சின்னத் திரையில் படம் அந்த மாதிரி இருந்தது. பெருமையோடு பெரியப்பாவிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வானத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. "வயல் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கு. கதிர் எங்க தம்பி?"

பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான், கதிர் இல்லை. பத்தடி தூரத்தில் நின்ற நெல்லே மெழுகு ஊற்றி ஆறவிட்டது போல ஒரே பரப்பாகக் கிடந்தது. கொட்டிலின் கிடுகில் பின்னல் தெரியவில்லை, பனையோலை நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. முதலில் லென்ஸைத்தான் திட்டினேன். பிறகு ஃபோக்கஸ் பிழையோ என்று பார்த்தேன், வரப்பில் கிடந்த டோர்ச்சின் விளிம்பு கூராகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து மெனுவைக் குடைந்தபோதுதான் தெரிந்தது, நொய்ஸ் ரிடக்சன் (படத்தில் தேவையில்லாமல் விழும் புள்ளிகளான நொய்ஸைக் குறைப்பது) என்ற பெயரில் உள்ளே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன். ஒன்று நீண்ட எக்ஸ்போசருக்கானது, அதாவது ஷட்டர் பல செக்கன் திறந்திருக்கும் படங்களுக்கானது. 20 செக்கன் படம் எடுத்து முடிந்ததும் ஷட்டரை மூடியபடி இன்னொரு 20 செக்கன் கறுப்புப் படம் எடுத்து, சூட்டால் சென்சரில் வந்த சிவப்பு, நீலப் புள்ளிகளை முதல் படத்தில் இருந்து கழிக்கிறது. (கமரா 'ஹேங்' ஆகிவிட்டது என்று ஒரு காலம் நான் பற்றரியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன்.) மற்றது உயர் ஐஎஸ்ஓவுக்கானது. ஜேபெக் படத்தை எழுதும்போது, பக்கத்துப் பிக்சல்களோடு ஒத்துப்போகாத சின்னச் சின்ன வித்தியாசங்களை எல்லாம் தடவி மட்டமாக்கி விடுகிறது. நொய்ஸும் சின்ன வித்தியாசம்தான், நெற்கதிரும் சின்ன வித்தியாசம்தான். கமராவுக்கு இரண்டும் பதர். தூற்றுகிற வேகத்தில் நெல்லும் போய்விட்டது.

அடுத்த இரவு அதே வரம்பில், அதே அளவுகளில் இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் உயர் ஐஎஸ்ஓ நொய்ஸ் ரிடக்சன் 'ஸ்ட்ரோங்', மற்றதில் 'ஓஃப்'. இரண்டாவது படத்தில் மணல் தூவியது போல நொய்ஸ் இருந்தது, ஆனால் கதிர் கதிராக நின்றது. அதற்குப் பிறகு நான் 'ஸ்ட்ரோங்' பக்கம் போகவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கிளிநொச்சியில் இருந்து

நான் பட்டது நீங்கள் சொன்ன முதல் ஆளிடம். இரணைமடுக் குளத்தடியில் நட்சத்திரத் தடம் (வானம் நகர நகர நட்சத்திரங்கள் படத்தில் இழுக்கும் கோடு) எடுக்கப் போனேன். எங்கள் பக்கத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்தில் இருந்து 9 பாகை அளவுதான் மேலே நிற்கும், கையை நீட்டி முட்டி பிடித்தால் அதற்குள் அடங்கிவிடும். அதைச் சுற்றி அரைவட்டமாகத் தடம் விழும், அருமையான காட்சி. 30 செக்கன் படங்களாகத் தொடர்ந்து எடுத்து, பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவது என்பது திட்டம். இரண்டு மணித்தியாலம் நுளம்புக்கு இரத்தம் கொடுத்ததுதான் மிச்சம். வந்து அடுக்கினால் கோடு இல்லை, தையல்! ஒவ்வொரு 30 செக்கனுக்கும் பிறகு கமரா 30 செக்கன் கறுப்புப் படம் எடுத்திருக்கிறது. அந்த நேரத்தில் வானம் நகர்ந்துவிட்டது. கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி. நிமிடத்துக்கு இரண்டு படம் என்று கணக்குப் போட்டவனுக்குக் கிடைத்தது நிமிடத்துக்கு ஒன்று. தடம் எடுப்பவர்கள் இதை மறக்காமல் அணைத்துவிட்டுப் போங்கள்.

மல்லாவியில் இருந்து

கமரா இல்லாதவன் நான், போன்தான். அதிலும் இதே கதை. நிலவில் எடுத்த முதிரை மரத்தின் பட்டை, சீமெந்து பூசிய சுவர் போல வந்தது. வழமையான முறையில் அதை அணைக்க வழியே இல்லை. 'ப்ரோ' முறையில் றோவாக (ஜேபெக் ஆக்காத மூலப் படமாக) எடுத்தால் கொஞ்சம் தப்பலாம்.

பூநகரியில் இருந்து

"றோவில் எடு, ஒன்றும் ஆகாது" என்று சொல்லித் திரிந்தவன் நான். பெரும்பாலும் அது சரிதான், உயர் ஐஎஸ்ஓ தடவல் ஜேபெக்கோடு நின்றுவிடும். ஆனால் எல்லாக் கமராவிலும் இல்லை.

ஆடி மாதம் கௌதாரிமுனை மணற்திட்டுக்குப் போனோம். மழை இல்லாத காலம், பால்வீதியின் நடுப்பகுதி தெற்கே நன்றாக ஏறி நிற்கும். சோளகக் காற்று மணலை அள்ளி அடித்ததால் முக்காலியின் காலில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டோம். நண்பனின் கமராவும் என்னுடையதும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் 20 செக்கன், இரண்டும் றோ. என் படத்தில் பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு இடையில் மா தூவியது போல இருக்க வேண்டிய சின்னவை பாதிக்கு மேல் இல்லை. இருந்தவற்றிலும் சில பச்சை பூத்திருந்தன. என்னுடையது விலை கூடிய கமரா என்பதையும் சொல்லிவிட வேண்டும். நண்பன் அன்று முழுக்கச் சிரித்தான்.

காரணம் பிறகு விளங்கியது. சில கமராக்கள் ஏறத்தாழ 4 செக்கனைத் தாண்டினால், அல்லது பல்ப் முறையில் (நாம் விடும்வரை ஷட்டர் திறந்திருக்கும் முறை) வைத்தால், றோவை எழுதும் முன்பே ஒரு வடிகட்டலைச் செய்துவிடும். சுற்றி உள்ளவற்றைவிட ஒரே ஒரு பிக்சல் மட்டும் பளிச்சென்று இருந்தால் அது சென்சரின் பழுது என்று முடிவுகட்டி அழித்துவிடும். மெனுவில் அதற்குப் பெயரும் இல்லை, அணைக்கும் பொத்தானும் இல்லை. நட்சத்திரத்தைத் தின்னும் கமரா என்று பட்டப்பெயரே உண்டு. இதில் கொடுமை என்னவென்றால், லென்ஸ் எவ்வளவு கூரோ அவ்வளவு இழப்பு. நல்ல லென்ஸில் மங்கிய நட்சத்திரம் ஓரிரு பிக்சலுக்குள் அடங்கிவிடும், உடனே அது பழுதாகிவிடும். மலிவு லென்ஸில் கொஞ்சம் பரந்து விழுந்தால் தப்பிக்கும்.

இப்போது நான் அந்த எல்லைக்குக் கீழே, இரண்டரை செக்கன் படங்களாக நிறைய எடுத்து அடுக்குகிறேன். கார்ட் நிறைகிறது, கணினி மூச்சு வாங்குகிறது, ஆனால் மா திரும்பி வந்துவிட்டது.

இது புதிய நோயும் இல்லை. 2004 அளவில் வந்த ஒரு கமராவில் இதே தொல்லை இருந்து, வானம் பார்ப்பவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். நீண்ட எக்ஸ்போசர் நொய்ஸ் ரிடக்சனைப் போட்டுவிட்டு, கறுப்புப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கமராவையே அணைத்துவிடுவது. வடிகட்டாத றோ கார்டில் வந்து விழும். எந்தப் புண்ணியவான் முதலில் கோபத்தில் அணைத்தானோ!

முள்ளியவளையில் இருந்து

எல்லோரும் சேர்ந்து நொய்ஸ் ரிடக்சனைத் திட்டுகிறீர்கள், அதனால் மறுபக்கமும் வரட்டும். கோயில் விழாக்கள், கல்யாண வீடுகள் எடுப்பவன் நான். வற்றாப்பளைப் பொங்கலில் விடிய விடிய நின்று எடுத்துவிட்டு, காலையில் படத்தைக் கையில் கொடுக்க வேண்டும். றோவும் அடுக்கலும் என் பிழைப்புக்குச் சரிவராது. உயர் ஐஎஸ்ஓ நொய்ஸ் ரிடக்சனை 'லோ'வில் வைக்கிறேன், 'ஓஃப்' அல்ல. முகங்களுக்கு அது போதும்.

நீண்ட எக்ஸ்போசர் நொய்ஸ் ரிடக்சனையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். வைகாசியில் நள்ளிரவிலும் இங்கே வெக்கை இறங்காது. சென்சர் 6 முதல் 8 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் அந்தச் சூட்டு நொய்ஸ் இரட்டிப்பாகும். குளிர் நாட்டுக்காரன் "எனக்கு அது தேவையே இல்லை" என்று எழுதுவதை வாசித்துவிட்டு அணைத்தேன், அடுத்த நாள் ஒவ்வொரு படத்திலும் சிவப்புப் புள்ளியைத் தேடித்தேடி அழித்துக்கொண்டிருந்தேன்.

நெடுங்கேணிப் பக்கத்தில் இருந்து, மீண்டும்

முள்ளியவளை அண்ணை சொல்வது சரி. கறுப்புப் படம் கழிப்பது கதிரைத் தின்பதில்லை, தடவல்தான் தின்கிறது. நான் இப்போது அந்தக் கறுப்புப் படத்தைக் கையால் எடுக்கிறேன். வேலை முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே செக்கனில் பத்துப் படம். கணினியில் அந்தப் பத்தின் சராசரியைக் கழித்தால், கமரா ஒரே ஒரு கறுப்புப் படத்தைக் கழிப்பதைவிடத் துப்புரவாக வரும், ஏனென்றால் ஒற்றைக் கறுப்புப் படத்திலும் அதற்கென்று நொய்ஸ் இருக்கும், அதுவும் சேர்ந்து ஏறிவிடும். ஒரு நிபந்தனை: அந்த இடத்திலேயே, அந்தச் சூட்டிலேயே எடுக்க வேண்டும். ஒருமுறை சோம்பலில் வீட்டுக்கு வந்து ஏசி அறையில் எடுத்தேன், புள்ளிகள் பாதி அப்படியே கிடந்தன.

அப்புறம், அந்த 'ஓஃப்' படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இந்த முறையும் வானத்தைப் பார்க்கவில்லை. இடப்பக்க மூலையில், நெல் சரிந்து கிடந்த ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"பார், பண்டி இறங்கியிருக்கு. அண்டைக்கு நீ கமராவோட நிக்க, நான் அங்கால சுத்தி வந்தனான். எனக்கு இது தெரியேல்ல."