கார் ஷெட்டின் ஓட்டுக்கூரை நடுவில் தாழ்ந்திருக்கிறது: தூண் நிறுத்துவதா, ஓட்டை இறக்கித் தகரம் போடுவதா?

மஞ்சக்குப்பம்_கடலூர்:

வணக்கம். எங்கள் வீட்டின் பக்கவாட்டில், என் தகப்பனார் காலத்தில் மாட்டுக்கொட்டகையாக இருந்து பின்னர் கார் ஷெட்டாக மாற்றப்பட்ட ஒரு கட்டடம் இருக்கிறது. 12 அடி அகலம், 18 அடி நீளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். பனங்கைமரங்களின் (முகட்டிலிருந்து சுவருக்குச் சரிவாக இறங்கும் பனை மரச்சட்டங்கள்) மேல் ரீப்பர் என்னும் குறுக்குச் சட்டங்களை அடித்து மங்களூர் ஓடு வேய்ந்திருக்கிறது. முகட்டு உத்திரமும் பனைதான். அது முன்னும் பின்னும் உள்ள முக்கோணச் சுவர்களின் மீது மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, முகடு நடுவில் ஏறத்தாழ மூன்று அங்குலம் தாழ்ந்திருப்பதையும், தெற்குச் சுவரின் உச்சி சற்று வெளிப்புறமாகச் சாய்ந்து, ஓட்டு வரிசைகளின் நடுவே வெளிச்சம் தெரிவதையும் கவனித்தோம்.

நடுவில் ஒரு தூண் நிறுத்தினால் போதும் என்கிறார் கொத்தனார். தூண் வந்தால் காரை உள்ளே விட இயலாது. ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம் போட்டால் பாரமும் செலவும் குறையும் என்கிறார் வெல்டர். ஓட்டுக்கூரையை இழக்க என் தாயாருக்கும் எனக்கும் மனமில்லை. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டை_பொறியாளர்:

ஐயா, வேலை முடியும் வரை காரை வெளியே நிறுத்துங்கள். முகட்டு உத்திரத்தின் நடுப்பகுதியில், அடியில் அகலமான பலகை வைத்து, இரண்டு சவுக்குக் கட்டைகளால் இன்றே முட்டுக் கொடுத்துவிடுங்கள். இது பாதுகாப்புக்கு மட்டுமே.

தாழ்ந்த முகட்டைவிடச் சாய்ந்த சுவர்தான் எனக்குக் கவலை தருகிறது. உத்திரம் விறைப்பாக இருக்கும் வரை கைமரங்களின் பாரம் சுவரின் மேல் நேர் கீழாகவே இறங்கும். உத்திரம் வளைந்துவிட்டால், எதிரெதிர்க் கைமரங்கள் உச்சியில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, விரித்து நிறுத்திய ஏணியின் கால்கள் வழுக்குவதைப் போலச் சுவர்களின் தலையை வெளியே தள்ளத் தொடங்கும். சுவர் விலக விலக முகடு மேலும் இறங்கும். இந்த நிலையில் தூண் மட்டும் நிறுத்தினால் முகடு நிற்கும், ஆனால் ஏற்கெனவே சாய்ந்த சுவரைப் பிடிக்க எதுவும் இருக்காது.

ஆகவே முதல் வேலை, இரு பக்கச் சுவர்களையும் கூரை உட்காரும் மட்டத்தில் குறுக்கே கட்டுவது. 16 மி.மீ. கம்பியின் இரு முனைகளிலும் மரை வெட்டி, சுவருக்கு வெளியே அகலமான இரும்புத் தகடு வைத்து நட்டு முறுக்க வேண்டும். நட்டை முறுக்கியே சுவரை நேராக்கிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலும் விலகாமல் பிடிப்பதுதான் கம்பியின் வேலை. தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை அளந்து, நேரில் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். சாய்வு அதிகமென்றால் அந்தச் சுவரின் மேற்பகுதியை இறக்கிக் கட்டத்தான் வேண்டும்.

அடுத்தது உத்திரம். நடுவில் ஒரு தாங்கல் கொடுத்து 18 அடியை ஒன்பது ஒன்பது அடியாகப் பிரித்தால், ஒவ்வொரு பாதியிலும் ஏற்படும் வளைவு பழைய வளைவில் பதினாறில் ஒரு பங்குகூட இராது. அந்தத் தாங்கல் தூணாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சுவருக்குச் சுவர் ஒரு முக்கோண இரும்பு டிரஸ் (பாரம் தாங்கும் சட்டகம்) வைத்து, அதன் உச்சியில் உத்திரத்தை உட்கார வைத்தால் கீழே இடம் முழுவதும் காலியாகவே இருக்கும். டிரஸின் கால்களைச் செங்கல்லின் மேல் நேரடியாக வைக்காமல், காங்கிரீட் கட்டை வார்த்து அதன் மேல் வையுங்கள்.

அரியாங்குப்பம்_மரவேலை:

பொறியாளர் ஐயா சொன்னதோடு மரத்தைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். பனையின் வெளிப்பக்கம் வைரம் என்னும் கெட்டிப் பகுதி, உள்பக்கம் சோறு என்னும் மென்மையான பகுதி. கரையான் சோற்றுப் பக்கத்தைத் தின்றுவிட்டு வைரத்தை விட்டுவைப்பதால், வெளிப்பார்வைக்கு நல்ல மரமாகவே தெரியும். ஒவ்வொரு கைமரத்தையும், முக்கியமாகச் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையை, சுத்தியலால் தட்டிப் பார்த்து, திருப்புளியால் குத்திப் பாருங்கள். மழைநீர் இறங்கி முனை இற்றுப் போயிருந்தால் மேலே செய்யும் எந்த வேலையும் நிற்காது. இற்ற மரத்தின் பக்கத்தில் புதிய கைமரத்தைச் சேர்த்துப் போல்ட் போடலாம். ஆணி மட்டும் அடித்தால் பனை பிளந்துவிடும், முன்கூட்டியே துளை போட்டாக வேண்டும்.

தாழ்ந்த முகட்டை நிமிர்த்தும்போது, பாரத்தோடு கூரையைத் தூக்கவே கூடாது. உங்கள் கூரையில் ஓடு மட்டுமே முக்கால் டன்னுக்கு மேல் இருக்கும், நனைந்தால் இன்னும் கனக்கும். முதலில் ஓட்டை இறக்குங்கள். முகட்டிலிருந்து தொடங்கி இரு சரிவுகளிலும் சமமாக இறக்கிக்கொண்டே வர வேண்டும், ஒரு பக்கத்தை முழுதாக இறக்கினால் மறுபக்கப் பாரம் கூரையைத் தள்ளிவிடும். பிறகு திருகு ஜாக்கியை வைத்து, நாளொன்றுக்குச் சில மி.மீ. அளவே உயர்த்துங்கள். பல ஆண்டுகளாக வளைந்த மரம் முழுதாக நிமிராது. பாதி நிமிர்ந்தாலே நிறைவு. மீதியை ரீப்பருக்கு அடியில் கட்டை வைத்துச் சமன் செய்துகொள்ளலாம்.

மஞ்சக்குப்பம்_கடலூர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஓட்டை எப்படியும் இறக்கத்தான் வேண்டும் என்றால், தகரம் பற்றிய வெல்டரின் யோசனையை ஏன் ஏற்கக் கூடாது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

லாஸ்பேட்டை_பொறியாளர்:

நியாயமான கேள்விதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் என்பதை மறக்கக் கூடாது. கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 இந்தக் கடற்கரைக்குக் கொடுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். முன்புறம் திறந்த ஷெட்டில் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் மேல்நோக்கித் தள்ளும். ஓட்டின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 35 கிலோ. தகரத்தின் எடையோ ஐந்து கிலோ அளவே. பாரம் குறைவதால் உத்திரத்துக்கு நல்லது, புயலில் அதுவே கெடுதல். தகரம் போடுவதானால் அதற்கென்றே புதிய இரும்புச் சட்டமும் பிடிமானமும் வேண்டும். அப்போது செலவு குறைவு என்ற பேச்சு நிற்காது.

ஓட்டின் எடையும் போதாது என்பதை அதே கணக்கே காட்டுகிறது. ஆகவே கைமரங்களையும் டிரஸையும் இரும்புப் பட்டைகளால் சுவரோடு பிணையுங்கள். பட்டை சுவரின் உச்சி வரிசையோடு நின்றுவிடாமல், மூன்று அடிக்கு மேல் கீழிறங்கிச் செங்கல்லின் கனத்தைப் பிடித்திருக்க வேண்டும். இறவாரத்திலும் ஓரங்களிலும் உள்ள ஓட்டு வரிசைகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். போல்ட், பட்டை, கம்பி எல்லாம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தவையாக இருக்கட்டும். உப்புக் காற்றில் வெறும் பெயின்ட் அடித்த இரும்பு நெடுநாள் தாங்காது. ஓடு பிரிக்கும் வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டால் மழைக்கு அஞ்ச வேண்டியிராது.