தாத்தா முறையில்தான் உருளைக்கிழங்கு போட்டேன், செடி திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது

மலைக்காட்டான்:
கோத்தகிரி பக்கம் அரை ஏக்கர். தாத்தா மாதிரியே ஏப்ரலில் கார்போகம் நட்டேன். நன்றாக மக்கிய தொழுவுரம், ஒன்றரை அடிக்கு ஒரு பார், கோழிமுட்டை அளவு கிழங்கை வெட்டாமல் முழுசாக. விதையும் இதே நிலத்தில் எடுத்ததுதான். பரணில் வெளிச்சம் படப் பரப்பி வைத்தேன், குட்டையாகப் பச்சை முளை விட்டிருந்தது. இப்போது 50 நாள். மூன்று இடத்தில் மட்டும் செடி முழங்காலுக்குக் கீழேயே நிற்கிறது. மத்தியானம் வாடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. மண் அணைத்தது போதவில்லையா?

பச்சைத்தோட்டம்:
யூரியா கொஞ்சம் வையுங்கள், எழும்பிவிடும்.

பழைய கொத்து:
யூரியாவை விடுங்கள் தம்பி. அந்தத் திட்டின் ஓரத்தில் ஒரு செடியைப் பிடுங்காமல் கொத்தால் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். சல்லிவேரில் ஊசித்தலையைவிடச் சின்னதாக மணி மணியாக ஒட்டியிருக்கிறதா? அப்புறம், கடைசியாக எப்போது அந்த இடத்தில் வேறு பயிர் போட்டீர்கள்?

மலைக்காட்டான்:
இருக்கிறது அண்ணா. சிலது வெள்ளை, சிலது மஞ்சள். நாலு போகமாக உருளைதான். தாத்தா காலத்தில் இதெல்லாம் இல்லையே?

பழைய கொத்து:
நூற்புழு, மண்ணில் இருந்து வேரை உறிஞ்சுகிற பொடிப் புழு. நீலகிரியில் 1961லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் தாத்தா ஒரு போகம் உருளை எடுத்தால் அடுத்து முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், பூண்டு என்று மாற்றியிருப்பார், வீட்டில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எருவையும் பாரையும் எடுத்துக்கொண்டீர்கள், அதை விட்டுவிட்டீர்கள். அந்த மணி ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் முட்டை. உருளை இல்லாவிட்டாலும் பல வருஷம் மண்ணில் கிடக்கும். இரண்டு மூன்று வருஷம் உருளையை மறந்துவிடுங்கள். தக்காளியும் கத்தரியும் அதே குடும்பம், அவையும் வேண்டாம். திரும்பப் போடும்போது குப்ரி சொர்ணா மாதிரி இதைத் தாங்குகிற ரகமாகப் பாருங்கள்.

இந்த விதையை யாருக்கும் கொடுக்காதீர்கள். நான் தெரியாமல் மச்சானுக்கு இரண்டு மூட்டை கொடுத்தேன். அவர் காட்டிலும் வந்துவிட்டது. இன்னும் கல்யாண வீட்டில் பார்த்தால் அதைத்தான் கேட்கிறார்.

மலைக்காட்டான்:
தேறுகிற கிழங்கைச் சாப்பிடலாமா?

பழைய கொத்து:
தாராளமாக. கொத்தையும் செருப்பையும் அங்கேயே கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.