நல்ல தமிழாசிரியருக்கு மொழிப்புலமை மட்டும் போதுமா?

பொங்கோல் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். தமிழில் பட்டம் பெற்றிருந்தாலும் இதுவரை வேறு துறையில் பணியாற்றி வந்த நான், இப்போது தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி கிடைக்கும் என்பது தெரியும். ஆனாலும் ஒரு தயக்கம் என்னை விடவில்லை. சென்ற விடுமுறையில், தொடக்கநிலை 3இல் படிக்கும் என் அக்காள் மகளுக்கு வேற்றுமை உருபுகளைச் சொல்லிக்கொடுத்தேன். விளக்கம் தெளிவாகவே இருந்ததாக நினைத்தேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பயிற்சியைச் செய்யச் சொன்னபோது பத்தில் மூன்றுதான் சரியாக இருந்தன. திரும்பவும் அதே விளக்கத்தைச் சற்று உரக்கச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மொழிமீது பற்றும் புலமையும் இருந்தும் கற்பிக்க வராதவர்கள் உண்டு என்றால், அவர்களிடம் இல்லாதது எது? அது பிறவிக் குணமா, பழகிக்கொள்ளக்கூடியதா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
தங்கைக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளிகளில் கற்பித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிடம் இல்லாதது குணம் அன்று, ஒரு பழக்கம். பிள்ளையின் தவற்றைப் படிக்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் கட்டுரை நோட்டுகளில் பிழையைக் கண்டால் சிவப்பு மையால் அடித்து, சரியான சொல்லை மேலே எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடுத்த வாரமும் அதே பிழை வரும். ஒரு மாணவனின் நோட்டை ஒரு நாள் நிதானமாகப் பார்த்தேன். 'தம்பியை உதவினேன்', 'ஆசிரியரைப் பதில் சொன்னேன்', 'நான் நாசி லெமாக் பிடிக்கும்' என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தான். மூன்றும் தனித்தனிப் பிழைகள் அல்ல. அவன் ஆங்கிலத்தில் வாக்கியத்தை அமைத்துவிட்டு, தமிழ்ச் சொற்களை அந்த இடங்களில் வைத்திருந்தான். அவனைப் பொறுத்தவரை அது முற்றிலும் முறையான வேலை! அன்றிலிருந்து அவனுக்கு உருபுகளின் பட்டியலை ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, 'யாருக்கு உதவினாய்? யாருக்குப் பிடிக்கும்?' என்று வாய்மொழியாகவே திரும்பத் திரும்பக் கேட்டேன். கேள்வியிலேயே 'கு' இருப்பதால் பதிலிலும் அது தானாக வந்து சேர்ந்தது. ஒரு தவணைக்குள் எழுத்திலும் வந்துவிட்டது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழை அதிகமாகப் பேசுகிறார்கள். ஆகவே, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பலருக்கு நம் தமிழ் காதால் பழகிய மொழியாக இருக்காது. நமக்கு இயல்பாக வருவது அவர்களுக்கு ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க, புலமையைவிட ஆர்வத்தோடு நோட்டைப் பார்க்கும் கண்தான் அதிகம் தேவைப்படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்னூலில் பவணந்தியார் ஆசிரியராகத் தகாதவருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று கழற்குடம். கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாக இட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட வரிசையில் அவை வெளிவருவதில்லை. படித்தவர்கள் பலரின் பாடம் இப்படித்தான் கொட்டுகிறது. எதை முதலில் சொல்வது, எதை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைப்பது என்று முந்தைய இரவே முடிவு செய்யாமல் நான் வகுப்புக்குள் நுழைந்த நாள்களில் பாடம் ஒருபோதும் உருப்பட்டதில்லை.

கணித ஆசிரியர், ஈசூன்:
அம்மா சொன்னது கணிதத்துக்கும் அப்படியே பொருந்தும். 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அது கவனக்குறைவு அன்று. 2இலிருந்து 8ஐக் கழிக்க முடியாததால், 8இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். 'பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும்' என்று யாரோ எப்போதோ சொன்னதை உண்மையாகப் பின்பற்றுகிறார்கள். அப்பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்குகளைக் கொடுத்தால் இருபதையும் அதே முறையில் தவறாகச் செய்து, தவற்றைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். பத்து பத்தாகக் கட்டிய குச்சிகளை மேசையில் வைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் பிறகு எழுதச் செய்தால் 14 எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும்.

ஒரு பாடத்தை அறிவதும், அப்பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள், எந்த எடுத்துக்காட்டு அவர்களுக்குப் பிடிபடும் என்பதை அறிவதும் ஒன்றல்ல. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் இதைத் தனி வகை அறிவாகவே பிரித்துக் காட்டினார். அறிவு என்பதால் அதைச் சேர்த்துக்கொள்ள முடியும். நான் ஒவ்வொரு தலைப்புக்கும் பிள்ளைகள் செய்த தவறுகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பாடம் எடுக்கும் முன் பாடநூலைப் பார்க்கிறேனோ இல்லையோ, அந்த நோட்டைப் பார்த்துவிடுவேன்.

ஆனால் ஒரு சிறு மாறுபாடு. எல்லாவற்றையும் பழகிக்கொள்ளலாம் என்பதை நான் முழுமையாக ஏற்கவில்லை. பிள்ளைகளோடு இருப்பதில் மகிழ்ச்சி இல்லாதவருக்கு இந்த வேலை சுமையாகத்தான் இருக்கும். அதைப் பயிற்சியால் வரவழைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூரோங் தந்தை:
நான் ஆசிரியர் அல்லன், பெற்றோராகப் பேசுகிறேன். என் மகனின் இரண்டு ஆசிரியர்களைப் பெற்றோர் சந்திப்பில் பார்த்தேன். ஒருவர் மதிப்பெண்ணைச் சொல்லி, 'இன்னும் முயற்சி வேண்டும்' என்றார். எதில் முயற்சி என்று கேட்டபோது, 'எல்லாவற்றிலும்' என்றார். வீட்டுக்கு வந்து அவனிடம் என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. மறு ஆண்டு வந்த ஆசிரியை, அவன் எழுதிய மூன்று கட்டுரைகளை மேசையில் வரிசையாக வைத்து, 'முதல் கட்டுரையில் உரையாடலே இல்லை. மூன்றாவதில் பாட்டி பேசுகிறார், பாருங்கள். இனி பத்தி பிரிப்பதை மட்டும் கவனிப்போம்' என்றார். என் மகன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தன் எழுத்தை ஒருவர் முழுமையாகப் படித்திருக்கிறார் என்பதே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

பொங்கோல் வாசகி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு கேள்வி. அக்காள் மகளிடம் நான் கேள்வி கேட்டால் பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடுகிறாள். நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன். இதை எப்படிக் கையாள்வது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
காத்திருங்கள், தங்கை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக 1 வினாடி அளவே பொறுத்திருப்பதைக் கண்டார். அதை 3 வினாடிகளுக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பதிலே வராத நிலையும் குறைந்தது. தமிழில் சொல்லைத் தேடியெடுக்க வேண்டிய நம் பிள்ளைகளுக்கு அதைவிடவும் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம். முதலில் அந்த மௌனம் உங்களுக்குத்தான் தாங்க முடியாததாக இருக்கும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவேன். நான்காவது எண்ணில் பல முறை பதில் வந்திருக்கிறது.