ஆறு பேர் குழுவில் ரெக்கார்டு மட்டும் என் கையில். என்ன செய்வது?

பேரணாம்பட்டுக்காரி:
வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அரசுப் பள்ளி, தமிழ் வழி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த சீட்டு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் 1000 ரூபாயும் மாசாமாசம் வருகிறது. அதனால் இது பணத்தைப் பற்றிய கேள்வி இல்லை.

வகுப்பில் 58 பேர், பெண்கள் 3. லேபுக்கு வரிசை எண்படி ஆறு ஆறு பேராகப் பிரித்ததில் மூன்று பேரும் மூன்று குழுவுக்குப் போய்விட்டோம். முதல் நாளே, "உன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கு, ரீடிங் நீ எழுது" என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் பார்த்தால் டேப்பர் டர்னிங் (சரிவாகக் கடைவது) எழுதினேன், நர்லிங் (பிடிமானத்துக்குச் சொரசொரப்பாக்குவது) எழுதினேன், மரை வெட்டுவதையும் எழுதினேன். லேத் என்கிற கடைசல் மெஷினில் இரும்புத் துண்டைப் பிடித்துக்கொள்வது சக்கு. அதை முடுக்கும் சக்கு சாவியை இதுவரை கையில் பிடித்ததில்லை. பசங்க யாரும் கெட்டவர்கள் இல்லை. "ஜடை மாட்டிக்கும், தள்ளி நில்லு" என்பதை அக்கறையாகத்தான் சொல்கிறார்கள். கொண்டை போட்டுத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு போனாலும் அதே பேச்சு.

ஷூ கதை வேறு. லேபுக்கு சேஃப்டி ஷூ கட்டாயம். கடையில் 6க்குக் கீழே சைஸ் இல்லை, என் கால் 4. முன்னால் துணி அடைத்துப் போடுகிறேன். அம்மா 14 வருஷமாக ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிறார்.

செமஸ்டர் பிராக்டிக்கலில் ஜாப்பை, அதாவது கடைந்து தர வேண்டிய துண்டை, தனியாகத்தான் முடிக்க வேண்டும். சாரிடம் எப்படிக் கேட்பது?

காட்பாடி ஜங்ஷன்:
1943லேயே ஏ. லலிதா கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் முடித்தார், தெரியுமா? 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை. அவர் எந்த ஒதுக்கீடும் கேட்கவில்லை. சீட்டும் பணமும் வந்த பிறகும் குறை சொன்னால் எப்படிம்மா?

பேரணாம்பட்டுக்காரி:
தெரியும் அண்ணா, எங்கள் டீச்சர் சொல்லியிருக்கிறார். லலிதா அம்மாவின் அப்பா அதே கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். மகளுக்காக அவர்தான் கல்லூரி முதல்வரிடம் போய்ப் பேசினார். படித்தது அந்த அம்மாதான், அதில் சந்தேகமே இல்லை. என் அப்பா குடியாத்தத்தில் மூட்டை தூக்குகிறார். முதல்வர் அறைக்கு எனக்காக யார் போவது? 7.5க்குள்ளும் கட்-ஆஃப் உண்டு அண்ணா, சும்மா கொடுக்கவில்லை.

பாய்லர் அக்கா:
தங்கச்சி, நான் ராணிப்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். நாலு வருஷமும் ரெக்கார்டு எழுதியே முடித்தவள். முதல் இன்டர்வியூவில், டேப்பருக்கு டெயில்ஸ்டாக்கை (லேத்தின் மறுமுனையில் துண்டைத் தாங்கும் பாகம்) எவ்வளவு நகர்த்துவாய் என்று கேட்டார்கள். சூத்திரத்தைக் கடகடவென்று சொன்னேன். "சரிம்மா, வா" என்று மெஷினிடம் கூட்டிப் போனார்கள். எந்தப் போல்ட்டைத் தளர்த்துவது என்று தெரியாமல் நின்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

"எனக்கும் ஒரு சான்ஸ் கொடுங்க" என்று கேட்காதே, கடைசிவரை கேட்டுக்கொண்டேதான் இருப்பாய். "இந்த வாரம் நான் ஓட்டுறேன், ரீடிங் யார் எழுதறீங்க?" என்று கேள். லேப் தொடங்க கால் மணி நேரம் முன்னாடி போனால் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சொல்லிக் கொடுப்பார், பெரும்பாலும் நல்ல மனுஷங்க. ஒன்று மட்டும், சக்கு சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போட்டுவிடாதே. பறந்து வந்து மண்டையில் அடிக்கும்.

ஷூவுக்கு, தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடையில் சைஸ் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். துணி அடைத்த ஷூவோடு மெஷின் முன்னால் நிற்க வேண்டாம்.

சாக்பீஸ்:
அந்தக் குழுப் பிரிப்பை ஒன்பது வருஷம் நானும் செய்திருக்கிறேன் (வேறு கல்லூரி). குழுவுக்கு ஒரு பெண் என்று பரப்பிவிட்டால் நியாயம் என்று நினைத்தேன். ஒருநாள் ரெக்கார்டுகளைத் திருத்தும்போதுதான் எல்லாக் குழுவின் ரீடிங்கும் பெண்களின் கையெழுத்தில் இருப்பது கண்ணில் பட்டது. இன்னொன்றையும் கவனித்தேன். தமிழ் வழியில் வந்த, வாயே திறக்காத பையன்கள் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இரும்புத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் மெஷினைத் தொடவில்லை.

இப்போது பெண்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் போடுகிறேன். யார் ஓட்டுவது, யார் அளப்பது, யார் எழுதுவது, யார் துடைப்பது என்று வாராவாரம் மாறும் அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி தமிழில்.

உங்கள் சாரிடம் பசங்களைப் பற்றிப் புகாராகச் சொல்லாதீர்கள். "பிராக்டிக்கலில் தனியாகச் செய்யணும் சார், வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் எல்லோருக்கும் உதவும்" என்று, அட்டவணையைக் கையோடு எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். எழுதித் தருகிறவர்களுக்கு மறுப்பு சொல்ல எங்களுக்குச் சோம்பலாக இருக்கும்.

பேரணாம்பட்டுக்காரி:
சாக்பீஸ் சார், அக்கா, நன்றி. அட்டவணை கொடுத்தேன். சார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, ஒட்டு" என்றார். இன்று என் முறை. 20 மில்லிமீட்டருக்குக் கடைய வேண்டியதை 19.2க்குக் கடைந்துவிட்டேன். ஜாப் போச்சு, சார் எல்லோர் முன்னாலும் திட்டினார். ரீடிங் எழுதிய பையன் அதையும் அப்படியே 19.2 என்று எழுதி வைத்திருக்கிறான், கோழி கிறுக்கின மாதிரி.