பிரான்சில கார் எடுத்து லுவார் பக்கம் கோட்டை பாக்கப் போறம், 3 நாள் காணுமா?

உவர்மலையான்
வணக்கம் எல்லாருக்கும். ஆவணி லீவுக்கு திருகோணமலையில இருந்து பாரிஸ் போறம், தம்பி அங்க இருக்கிறான், விசாவும் கிடைச்சிட்டு. அவனுக்கு வேலையில லீவு இல்லையாம், அதால நானே ஒரு காரை வாடகைக்கு எடுத்து மனிசி, பிள்ளையள் ரெண்டு (8, 11), அம்மா (68, முழங்கால் வருத்தம்) எல்லாரையும் ஏத்திக்கொண்டு லுவார் ஆத்துப் பக்கம் கோட்டையள் பாக்கலாமெண்டு யோசிக்கிறன். ஷாம்போர், ஷெவெர்னி, புளுவா, அம்புவாஸ், ஷெனோன்சோ, வில்லாந்திரி, அசே லு ரிடோ, உஸ்ஸே எண்டு எட்டு எழுதி வச்சிருக்கிறன். 3 நாள்ல முடிக்கலாமா? கொழும்புக்கு மாசம் ரெண்டு தரம் ஓடுற ஆள், தூரம் பிரச்சினை இல்லை, ஆனா வலப்பக்கம் ஓடினதே இல்லை, பத்து வருசமா ஓட்டோ கியர்தான். சின்னவன் "பீரங்கி இருக்குமா அப்பா" எண்டு இப்பவே கேட்டுக்கொண்டு திரியிறான். போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

லாச்சப்பல் பெடியன்
அண்ணை, முதல்ல அந்த லிஸ்டை பாதியா வெட்டுங்கோ, கோவிக்காதேங்கோ. நான் வந்த புதுசில ஒரே நாள்ல நாலு பாத்தன், இப்ப ஃபோட்டோவ எடுத்துப் பாத்தா எந்தக் கட்டில் எந்த மாளிகையில இருந்தது எண்டே தெரியாது. நாளுக்கு ரெண்டு, அதுக்கு மேல போனா பிள்ளையள் கார விட்டு இறங்காதுகள்.

தூரம் ஒண்டுமில்லை. திருமலை கொழும்பு கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர், ஆறு மணித்தியாலம் எடுக்குமல்லோ, பாரிஸ்ல இருந்து லுவார் பக்கம் இருக்கிற தூர் எண்ட பட்டணம் 240, ஏ10 ஹைவேயில ரெண்டரை மணித்தியாலத்தில போயிடுவீங்கள். 130 ஓடலாம், மழை பெஞ்சா 110. சுங்கம் கட்டுற இடத்தில ஆரஞ்சில "டி" எழுத்து மட்டும் போட்ட பாதைக்குள்ள போயிடாதேங்கோ, அது காருக்குள்ள டிவைஸ் வச்சிருக்கிற ஆக்களுக்கு, பச்சை அம்புக்குறி இருக்கிறதுக்குப் போங்கோ.

பயம் ஹைவேயில இல்லை, கிராமத்துக்குள்ளதான். ஊர்ப் பேர் போட்ட போர்டு வந்தா அதுவே 50 எண்டு அர்த்தம், தனியா 50 எண்டு போட மாட்டாங்கள், அதே பேரை குறுக்கால கோடு போட்டுக் காட்டினாத்தான் ஊர் முடிஞ்சுது. எனக்கு ஒருக்கா 58இல கமரா பிடிச்சு 135 யூரோ வந்தது, கெதியாக் கட்டினதால 90. வாடகைக் கார் எண்டா கம்பனிக்காரன் உங்கட விலாசம் குடுத்ததுக்கு தனியா ஒரு காசு கார்ட்டில இருந்து எடுப்பான். மற்றது, போர்டு ஒண்டும் இல்லாத சந்தியில வலப்பக்கத்தால வாறவனுக்குத்தான் முதலிடம், அது சின்ன ஒழுங்கையா இருந்தாலும் அவன் திரும்பிப் பாக்காமலே வருவான்.

ஓட்டோ கியரை இப்பவே புக் பண்ணுங்கோ, இஞ்ச சும்மா கேட்டா கையால போடுற கியர்தான் தருவாங்கள். கொழும்பில அட்டோமொபைல் அசோசியேஷன்ல இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துக்கொண்டு வாங்கோ, எங்கட லைசென்ஸோட சேத்து அதையும் காட்டோணும். பத்து வயசுக்கு உட்பட்ட பிள்ளை பின்சீட்டிலதான், அதோட உயரச் சீட்டும் வேணும், சின்னவனுக்கு அதையும் சேத்துச் சொல்லி வையுங்கோ. பெற்றோல் செட்டில "காஸோல்" எண்டு கிடந்தா அது டீசல்! பேரைப் பாத்து பெற்றோல் எண்டு அடிச்சுப்போட்டு நடு ரோட்டில நிண்ட எங்கட ஆக்கள் எத்தினை பேர்.

நிலாவெளி அக்கா
வலப்பக்கம் ஓடுறது அரை மணித்தியாலத்தில பழகிடும் தம்பி, மறக்கிறது எங்கயெண்டா நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப வெளிக்கிடேக்க. நான் பேக்கரி ஒண்டில பாண் வாங்கிக்கொண்டு வந்து ஏறி, ஆளில்லாத ரோட்டில நல்ல நிம்மதியா இடப்பக்கம் போறன், முன்னால ஒரு டிராக்டர் வருது, அந்த மனுசன் ஹோர்ன் கூட அடிக்கேல்ல, நிப்பாட்டிப்போட்டு கையக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு இருந்தார்.

ஷாம்போர விட்டுடாதேங்கோ. 1519இல முதலாம் பிரான்சுவா ராசா கட்டத் துவங்கினது, நானூறுக்கு மேல அறை, அவ்வளவையும் கட்டிப்போட்டு மனுசன் மொத்தமா ரெண்டரை மாசம் கூட அங்க இருக்கேல்லயாம். வேட்டைக்கு வரேக்க கட்டில் கதிரை எல்லாம் கூடவே ஏத்திக்கொண்டு வந்து, போகேக்க திரும்பக் கொண்டு போறது. அதால உள்ளுக்கு வெறுமையாத்தான் கன அறை, ஆனா நடுவில இருக்கிற படிக்கட்டு இருக்கே! ரெண்டு படிக்கட்டு ஒண்டையொண்டு சுத்திப் பின்னினமாதிரி ஏறுது. நான் ஒண்டில, மகள் மற்றதில ஏறினம். நடுத்தூணில யன்னல் மாதிரி வெட்டி விட்டிருக்கு, அதுக்குள்ளால எட்டிப் பாத்து கையக் காட்டுறாள், சிரிக்கிறாள், மேல போகுமட்டும் ஒருத்தரை ஒருத்தர் முட்டவே இல்லை. லியொனார்டோ டாவின்சியின்ட யோசனையா இருக்கலாமெண்டு சொல்லுவினம். அவர் கடைசியா இருந்த வீடு அம்புவாஸ்ல இருக்கு, குளோ லுசே, தோட்டத்தில அவர் கீறின மெஷினுகளைப் பெரிசா செஞ்சு வச்சிருக்கினம், பிள்ளையள் சுத்தி விளையாடலாம்.

கோட்டடி
பிள்ளைக்கு பீரங்கி வேணுமெண்டா உங்கட லிஸ்ட் பிழைக்கும் தம்பி. நாங்கள் கோட்டை எண்டா திருமலை ஃபிரெட்ரிக் கோட்டையைத்தான் நினைப்பம், சுவர், பீரங்கி, உள்ளுக்கு மான். நீங்கள் எழுதினதில முக்கால்வாசி மாளிகைதான், மதிலும் அகழியும் அழகுக்கு. பிரெஞ்சில ஷாத்தோ எண்டா ரெண்டும்தான், சண்டைக்குக் கட்டினதை ஷாத்தோ ஃபோர் எண்டு பிரிச்சுச் சொல்லுவினம். மெய்யான கோட்டை பாக்கோணுமெண்டா லோஷ் போங்கோ, அம்புவாஸ்ல இருந்து கிட்ட, 11ஆம் நூற்றாண்டுக் கோபுரம், 36 மீட்டர் உயரம், கூரை இல்லாம வெறும் சுவரா நிக்குது, பிறகு சிறையா வச்சிருந்தவங்கள். இல்லாட்டி மேற்கால அன்ஜே, 17 கோபுரம், கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வரி போட்டமாதிரி. ஆனா பீரங்கிக்கு எங்கட கோட்டைதான், அங்க எதிர்பாக்க வேண்டாம்.

இன்னொண்டு. பாரிஸ்ல ஈபிள் டவருக்குப் பக்கத்தில அவென்யு த சுஃப்ரென் எண்டு ஒரு ரோட் போகுது, அதில நிண்டு ஒரு படம் எடுங்கோ. 1782 ஆவணிக் கடைசியில எங்கட கோட்டையை இங்கிலீசுக்காரனிட்ட இருந்து பிடிச்ச பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி அவர்தான். மூண்டாம் நாள் புரட்டாதி எங்கட கடலுக்கு வெளிய பெரிய சண்டை, கப்பல் அடிபட்டும் கோட்டை கை மாறேல்ல, பிறகு சமாதானம் வந்து ஒல்லாந்தரிட்டத் திரும்பக் குடுத்தவங்கள். உவர்மலையில இருந்து பாத்தா தெரியிற அதே தண்ணிதான், ஆனா இஞ்ச ஆருக்கும் அவர் பேர் தெரியாது.

உவர்மலையான்
அடேயப்பா, சுஃப்ரென் கதை எனக்கே புதுசு, நன்றி ஐயா. சரி, வெட்டிட்டன். முதல் நாள் பாரிஸ்ல இருந்து போற வழியில ஷாம்போர், இரவு அம்புவாஸ். ரெண்டாம் நாள் காலமை ஷெனோன்சோ, பின்னேரம் டாவின்சி வீடு. மூண்டாம் நாள் லோஷ் பாத்திட்டுத் திரும்புறது. வில்லாந்திரி தோட்டத்தை விட மனிசிக்கு மனமில்லை, அது வீட்டுப் பிரச்சினை, நான் பாத்துக்கொள்றன். ஷெனோன்சோ அம்மாவுக்குச் சரிவருமா? சாப்பாடு என்ன மாதிரி?

லாச்சப்பல் பெடியன்
ஷெனோன்சோ கதவு திறக்க முன்னமே போய் நில்லுங்கோ, பத்தரைக்குப் பிறகு பஸ் பஸ்ஸா வந்து இறங்குவினம். கீழ்த் தளத்திலயே பாக்க நிறைய இருக்கு, ஷேர் ஆத்துக்கு மேலால 60 மீட்டர் நீள மண்டபம், யன்னலால பாத்தா ரெண்டு பக்கமும் தண்ணி. முதலாம் உலக யுத்தத்தில அதில கட்டில் போட்டு ஆஸ்பத்திரியா வச்சிருந்தவங்கள், ரெண்டாம் யுத்தத்தில இந்தக் கரை ஜெர்மன்காரன்ட, அந்தக் கரை அவன் பிடிக்காத பக்கம், மண்டபம் ரெண்டையும் தொட்டுக்கொண்டு நிண்டது. குசினி பாலத் தூணுக்குள்ள, அதுக்கு மட்டும் படி இறங்கோணும்.

சாப்பாடு எண்டா, ரெண்டு மணிக்குப் பிறகு ஊருக்குள்ள கடை பூட்டிடும், திரும்ப ஏழுக்குத்தான். தம்பி வீட்டில இருந்து புட்டும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கோ, ஆத்தங்கரையில மேசை போட்டிருக்கும், ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்.

உவர்மலையான்
அம்மாவுக்கு இதெல்லாம் வாசிச்சுக் காட்டினன். புட்டுக்குத் தலையாட்டினா. பிறகு கேக்கிறா, "அந்த ரெட்டைப் படிக்கட்டில நான் ஏறேலாது, கீழ நிண்டா உங்கள் ரெண்டு பக்கத்தையும் பாக்கலாமோ?"

நிலாவெளி அக்கா
பாக்கலாம் எண்டு சொல்லுங்கோ. அடியில நடுவுக்குள்ள நிண்டு அண்ணாந்து பாத்தா உச்சி வரைக்கும் தெரியும். பிள்ளையளை யன்னலால எட்டிப் பாத்து அம்மம்மா எண்டு கூப்பிடச் சொல்லுங்கோ, அந்தக் கல்லுக்குள்ள சத்தம் நல்லா எதிரொலிக்கும்.

உவர்மலையான்
அப்பம்மா, அக்கா 😄 சொல்லிட்டன்.